பொடிக்கு முன்னே பளு

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் இலக்கியம் கேட்கலாம் என்று வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று எடுத்துக்கொண்ட பொருள் கிரியேட்டின் என்னும் வெள்ளைப் பொடி. கொஞ்ச காலம் முன்புவரை அது ஜிம்முக்குப் போகும் இளைஞர்களின் சமாசாரம். வீட்டில் அம்மாக்கள் அதை ஸ்டீராய்டு என்று நினைத்துப் பயந்தார்கள். இப்போது அந்த அம்மாக்களுக்கே அதை விற்கிறார்கள். ஞாபக மறதிக்கு, எலும்புத் தேய்மானத்துக்கு, சோர்வுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக நீண்ட ஆயுளுக்கு. ஆயுளை நீட்டிக்கும் பேச்சு நம் பெங்களூரில் கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது. பழையவர்கள் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகம் 2024இல் ‘லாஞ்செவிட்டி இந்தியா’ என்ற ஆய்வு முயற்சியைத் தொடங்கியது. உங்கள் உடலின் ‘உயிரியல் வயது’ இவ்வளவு என்று சோதித்துச் சொல்லும் தனியார் மையங்களும் வந்துவிட்டன. முன்னது ஆராய்ச்சி, பின்னது வியாபாரம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரியேட்டின் தசைக்குத் தரும் பலன் சிறியது, ஆனால் மெய்யானது. அந்தப் பலனும் தசைக்கு வேலை கொடுப்பவர்களுக்கே கிடைக்கிறது. நம் நடுவயதினரிடமும் முதியோரிடமும் இல்லாமல் போனது அந்த வேலைதான். அதை விட்டுவிட்டுப் பொடியை மட்டும் வாங்குவதில் பயன் மிகச் சொற்பம்.

இந்தப் பொருளுக்கு நம் பக்கத்து வரலாறு ஒன்று உண்டு. டப்பாவின் மேல் அது அச்சாவதில்லை. கிரியேட்டினை 1832இல் இறைச்சிச் சாற்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல். அது தசைக்குள் என்ன செய்கிறது என்பது அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. விளக்கியவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதராடை அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கைக்கு வந்தது. பிறகு பாஸ்டனுக்குக் கப்பலேறி, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவின் ஆய்வகத்தில் சேர்ந்தார். திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். பாஸ்பேட் இருந்தால் கரைசல் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். மருத்துவ ஆய்வகங்களில் பல தலைமுறைகள் புழங்கிய முறை இது.

இந்த முறையைத் தசைச்சாற்றில் போட்டுப் பார்த்தபோது ஒரு விநோதம் தெரிந்தது. மற்றத் திரவங்களில் நீலம் உரிய நேரத்தில் வந்து நின்றுவிடும். தசைச்சாற்றில் மட்டும் நிறம் தாமதமாக வந்தது. நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. சோதனை பிழை என்று சாற்றைக் கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை. சாற்றில் நிலையில்லாத ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அமிலத்தில் உடைந்து பாஸ்பேட்டைச் சிறிது சிறிதாக விடுகிறது என்று ஊகித்து அதைத் துரத்திப் பிடித்தார்கள். கிரியேட்டினும் பாஸ்பேட்டும் சேர்ந்த அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். தசையைத் தூண்டி வேலை வாங்கினால் அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் மீள்கிறது என்றும் காட்டினார்கள். ஆண்டு 1927. அதே சமயத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் அப்படி ஒரு பொருளின் தடயத்தைக் கண்டிருந்தார்கள். இரண்டே ஆண்டில், செல்லின் ஆற்றல் நாணயம் என்று பாடநூல்கள் சொல்லும் ஏ.டி.பி.யையும் ஃபிஸ்கே-சுப்பாராவ் இணை தசையில் கண்டது. ஜெர்மனியில் லோமனும் கண்டார். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கருத்துக்கு அடிப்படையான ஆய்வுகளுக்கு 1922இன் நோபெல் பரிசு போயிருந்த காலம் அது. அந்தக் கருத்தின் அடித்தளத்தை இந்தக் கண்டுபிடிப்புகள் ஆட்டிவிட்டன. கதருக்காகப் பட்டம் மறுக்கப்பட்டவரின் பங்களிப்பு இது. இன்று நாம் அமெரிக்க டப்பாவில் கிரியேட்டினை வாங்குகிறோம், அமெரிக்கர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும் என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

வேலை செய்யும் விதத்தை நம் ஊர் உதாரணத்தாலேயே சொல்லலாம். கரண்ட் போனதும் அடுக்ககத்தின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கச் சில விநாடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் கணினி அணையாமல் காப்பது யு.பி.எஸ். தசையில் தயாராக இருக்கும் ஏ.டி.பி. முழு மூச்சான உழைப்பில் இரண்டு மூன்று விநாடிக்குள் தீர்ந்துபோகும். சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துப் புதிதாக உண்டாக்கச் சற்று நேரமாகும். நடுவில் சுமார் பத்து விநாடி தாங்குவது பாஸ்போகிரியேட்டின். எழுபது கிலோ ஆணின் உடலில் கிரியேட்டின் மொத்தம் 120 கிராம் அளவு. அதில் 95 சதவீதம் தசையில். தினமும் ஏறக்குறைய 2 கிராம் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளாக மாறிச் சிறுநீரில் போய்விடும். இழந்ததில் பாதியைச் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து சமைத்துக்கொள்ளும். மீதி உணவிலிருந்து வரவேண்டும். ஒரு கிலோ மாட்டிறைச்சியில் 4, 5 கிராம் இருக்கிறது, சில மீன்களில் அதைவிட அதிகம், பாலில் அற்பம், பருப்பிலும் காய்கறியிலும் இல்லை. ஆகவே சைவ உணவுக்காரர்களின் தசையில் இருப்பு குறைவு. பொடி சாப்பிட்டால் அவர்களுக்கு அது கூடுதலாக ஏறுகிறது. பிரியாணிக்குப் பேர்போன ஃப்ரேசர் டவுனுக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டே தயிர்ச்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் இந்தக் காக்ஸ் டவுனில் நிறைய உண்டு. அவர்களுக்கு இது வெறும் விளம்பரச் செய்தி ஆகாது.

இனி பலன் எவ்வளவு என்று பார்ப்போம். வாயால் சாப்பிட்ட கிரியேட்டின் தசையில் போய்ச் சேருகிறது என்பதை 1992இல் ஹாரிஸ், சோடர்லுண்ட், ஹல்ட்மன் ஆகிய மூவர் திட்டவட்டமாக நிறுவினார்கள். அன்றிலிருந்து இதைப்போல ஆராயப்பட்ட சத்துப்பொடி வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகமே. முதல் வாரம் தினம் 20 கிராம், பிறகு 3 முதல் 5 கிராம் என்பது விளையாட்டு வீரர்களின் வழக்கம்; அவசரமில்லாதவர்கள் தொடக்கம் முதலே 3 கிராம் எடுத்தாலும் நாலு வாரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவார்கள். முதியோரைப் பொறுத்தவரை நாம் எடைபோட வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. 22 ஆய்வுகளை, 721 பேரை ஒன்றாகத் தொகுத்து சிலிபெக் குழுவினர் 2017இல் பார்த்தார்கள். எல்லோரும் பளுப்பயிற்சி செய்தவர்கள். கிரியேட்டின் எடுத்தவர்களுக்குக் கொழுப்பல்லாத உடல் எடை மற்றவர்களைவிட 1.37 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. ஐம்பதுக்குப் பிறகு ஆண்டுதோறும் தசை கரைந்துகொண்டிருக்கும் உடலுக்கு இது சின்ன லாபம் ஆகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளம்பர வாசகங்களைச் சல்லடை போட்டுச் சலிப்பதில் பேர்போனது. அதுவே 2016இல் 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் தசை வலிமைக்குக் கிரியேட்டின் உதவுகிறது என்ற கூற்றை ஏற்றது. ஆனால் நிபந்தனை உண்டு: தினம் 3 கிராமாவது எடுக்க வேண்டும், கூடவே வாரம் மூன்று நாளாவது பளுப்பயிற்சி செய்ய வேண்டும். விற்பவர்கள் நிபந்தனையின் முதல் பாதியைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

இந்த 1.37 கிலோவையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2025இல் ஒரு கெட்டிக்கார ஏற்பாடு செய்தார்கள். 54 பேரில் ஒரு பாதிக்கு, பயிற்சி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தினம் 5 கிராம் கொடுத்தார்கள். எந்தப் பயிற்சியும் செய்யாமலே அவர்களுக்கு அரைக் கிலோ ஏறியது. அதைத் தசை என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் கிரியேட்டின் தன்னோடு இழுத்துவரும் நீராகத்தான் அது இருக்கும். அதன்பின் 12 வாரம் இரு பிரிவினரும் ஒரே பயிற்சியைச் செய்தார்கள். இரு பிரிவுக்கும் சுமார் 2 கிலோ ஏறியது, வித்தியாசம் இல்லை. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு முந்தைய ஆய்வுகள் அனைத்தையும் தள்ளிவிடலாகாது. ஆள் எண்ணிக்கை குறைவு, காலமும் குறுகியது, முதியோரும் இல்லை. ஆனால் முந்தைய எண்களில் ஒரு பங்கு நீராக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். பொடி எடுக்காதவர்களுக்கும் அந்த 2 கிலோ ஏறியிருக்கிறது.

இதே பாடத்தை 1994இலேயே இன்னும் தெளிவாகப் படிக்க முடிந்தது. சுப்பாராவ் வாழ்ந்த அதே பாஸ்டனில். மரியா ஃபியாடரோனும் சகாக்களும் ஒரு முதியோர் இல்லத்தில் 100 பேரைச் சேர்த்தார்கள். சராசரி வயது 87. பலர் கைத்தடியோடும் நடைச்சட்டத்தோடும் நடமாடியவர்கள். அவர்களை நாலு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பளுப்பயிற்சி, ஒன்றுக்குச் சத்துப்பானம், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டும் இல்லை என்று பத்து வாரம் நடத்தினார்கள். பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை 113 சதவீதம் கூடியது, நடை வேகம் கூடியது, மாடிப்படி ஏறும் திறன் 28 சதவீதம் உயர்ந்தது. சத்துப்பானத்தை மட்டும் குடித்தவர்களுக்கு வலிமையில் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பானத்தில் கிரியேட்டின் இல்லை, வழக்கமான சத்துக்கள்தான். அதனால் இதைக் கிரியேட்டினுக்கு எதிரான சாட்சியாக நான் நிறுத்தவில்லை. ஆனால் தசை எதற்கு அசைந்து கொடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 87 வயதில், பத்தே வாரத்தில், வலிமை இரண்டு மடங்குக்கு மேல். இப்படி ஒரு முடிவைக் காட்டும் மாத்திரை மட்டும் இருந்திருந்தால் அதன் பங்கு விலை எங்கே போயிருக்கும்!

நம் பக்கம் திரும்புவோம். இந்தியர் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம் என்பது புனே மருத்துவர் யாஜ்னிக் லான்செட் மருத்துவ இதழில் 2004இல் வெளியிட்ட ஒரு படத்தால் உலகறிந்த செய்தி. அவரும் லண்டனைச் சேர்ந்த யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் அது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றேதான், 22.3. கொழுப்போ ஒருவருக்கு 9.1 சதவீதம், மற்றவருக்கு 21.2 சதவீதம். யாருக்கு எது என்று சொல்லத் தேவையில்லை. கொழுப்பு கூடினால் அந்த இடத்தில் குறைவது தசை. சாப்பிட்ட சர்க்கரையைப் பெரும்பங்கு வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கும் தசையே. நீரிழிவு உள்ள இந்தியர்கள் 10 கோடிப் பேர் என்று 2023இல் கணக்குச் சொன்னவர்களும் சென்னையை மையமாகக் கொண்ட ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வுக் குழுவினர். அதே குழு 2014இல் தந்த இன்னொரு கணக்கு நமக்கு இன்னும் பொருத்தம். தமிழ்நாடு உள்ளிட்ட நாலு பகுதிகளில் 54 சதவீதம் பேர் உடலுழைப்பே இல்லாதவர்கள். பொழுதுபோக்காகக்கூட உடற்பயிற்சி செய்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. தசை வலிமைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பையும் நம் ஊர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி பங்கேற்ற ‘ப்யூர்’ ஆய்வு காட்டியிருக்கிறது. 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்தார்கள். பிடி 5 கிலோ குறையக் குறைய இறப்பு வாய்ப்பு 16 சதவீதம் கூடியது. கைப்பிடி ஒரு அடையாளந்தான். பந்தைப் பிசைந்துகொண்டிருந்தால் ஆயுள் கூடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

‘நாங்கள்தான் தினமும் வாக்கிங் போகிறோமே’ என்பது இங்கே உடனே எழும் மறுப்பு. அல்சூர் ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். மறுப்பில் உண்மை இருக்கிறது. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, ஊர்க்கதை பேசவும் நல்லது. ஆனால் சமதரையில் நடப்பது தொடைத்தசைக்குப் பளுவாகாது. அந்தப் பத்து விநாடி யு.பி.எஸ்.ஸைத் தொடாமலேயே ஒருவர் மணிக்கணக்கில் நடக்கலாம். எப்போது அது தேவைப்படுகிறது என்றால், தாழ்ந்த சோபாவிலிருந்து கை ஊன்றாமல் எழும்போது, பி.எம்.டி.சி. பஸ்ஸின் உயர்ந்த படியில் கால் வைக்கும்போது, ஈரத் தரையில் வழுக்கி மறுகாலை ஊன்றி நிற்கப் பார்க்கும்போது. முதியவர் கீழே விழுவதும் விழாமல் தப்புவதும் அந்த நொடியில் முடிவாகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டியில் நடையோடு நிற்காமல், வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. நம் மரபிலும் இதற்குக் குறைவில்லை. பேட்டைப் பக்கம் மிச்சமிருக்கும், கரடி மனை எனப்படும் மல்யுத்தக் கூடங்களில் செம்மண் கோதாவும் கர்லாக்கட்டையும் இன்னும் இருக்கின்றன. தண்டாலும் பஸ்கியும் முழுக்கப் பளுப்பயிற்சிதான். அவை பயில்வான்களின் காரியம், ஆண்களின் காரியம், இளவயதுக் காரியம் என்று ஒதுக்கிவைத்ததில் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் வெளியே நின்றுவிட்டார்கள்.

அடுத்த மறுப்பு சிறுநீரகம். ‘அதைச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்’ என்று சொல்லாத குடும்ப வாட்ஸாப் குழு இல்லை. அச்சத்தின் வேர் ஆய்வகச் சீட்டில் இருக்கிறது. உடலில் கிரியேட்டின் கூடினால் அதிலிருந்து வரும் கிரியேட்டினினும் ரத்தத்தில் கொஞ்சம் கூடும். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பதை ஆய்வகம் அந்தக் கிரியேட்டினினை வைத்தே கணக்கிடுகிறது. ஆகவே பழுதில்லாத சிறுநீரகமும் சீட்டில் பழுதானதுபோல் தெரியும். மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போகிறவர் இந்தப் பொடி எடுப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி சோதனை இருக்கிறது. உண்மையான ஆபத்தைப் பற்றிய நல்ல சாட்சி பார்க்கின்சன் நோயாளிகளிடமிருந்து வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,741 பேரைச் சேர்த்து, தினம் 10 கிராம், அதாவது வழக்கத்தின் இரண்டு மூன்று மடங்கு, ஐந்து ஆண்டு கொடுக்கத் திட்டமிட்ட ஆய்வு அது. பாதுகாப்பில் கவலைப்படும்படி எதுவும் எழவில்லை. இது நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கான ஆறுதல். ஏற்கெனவே பழுதுபட்டவர்கள் இந்த ஆறுதலில் பங்கு கேட்கக்கூடாது. நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு ஒருவர் என்று இருக்கும் ஊரில், தன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமலே பொடியைத் தொடங்குபவர்கள் பலர். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம் என்று நான் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

அதே பார்க்கின்சன் ஆய்வுக்கு இன்னொரு முகம் உண்டு. நோய் மட்டுப்படும் என்று எதிர்பார்த்தே அதைத் தொடங்கினார்கள். 2013இல் இடைக் கணக்குப் பார்த்தபோது, தொடர்ந்தாலும் பயன் தெரியப்போவதில்லை என்று கண்டு நிறுத்திவிட்டார்கள். மாதவிடாய் நின்ற 237 பெண்களுக்குப் பயிற்சியோடு இரண்டு ஆண்டு கிரியேட்டின் கொடுத்த 2023 ஆய்விலும் எலும்பின் அடர்த்தி கூடவில்லை. அறிதிறனை மேம்படுத்தும் என்ற கூற்றை ஐரோப்பிய ஆணையம் 2024இல் நிராகரித்தது. நீண்ட ஆயுளுக்குக் காட்டப்படும் சான்று எலிகளோடு நிற்கிறது: 2008இல் கிரியேட்டின் தின்ற எலிகள் நோயின்றி 9 சதவீதம் அதிகக் காலம் வாழ்ந்தன. எலிக்கு வாழ்த்துகள். மூளையைப் பற்றிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது, நாளை நல்ல செய்தி வரலாம், வந்தபின் விற்கட்டும். மனித ஆயுள் எப்படி நீண்டது என்று அறிய நாம் எலியிடம் போக வேண்டியதுமில்லை. 1898இல் பெங்களூர்க் கண்டோன்மெண்டைப் பிளேக் சூறையாடியது. நெருக்கியடித்த சந்துகளை விட்டு அகலமான தெருவும் காற்றும் கழிவுநீர்ப் பாதையுமாக ஃப்ரேசர் டவுனைத் திட்டமிட்டது அந்த அடிக்குப் பிறகுதான். கண்டோன்மெண்ட் கலெக்டர் ஒருவரின் பேரைத் தாங்கி நிற்கும் நம் காக்ஸ் டவுனும் அதே விரிவாக்கத்தின் தொடர்ச்சி. அன்றைய இந்தியனின் சராசரி ஆயுள் முப்பதைத் தொடவில்லை. 2016-20இல் அது 70. அந்த நாற்பது ஆண்டைத் தந்தவை குடிநீர்க் குழாய், சாக்கடை, தடுப்பூசி, பிரசவ மருத்துவமனை. எல்லாம் பொதுவில் கிடைத்தவை, யாரும் தனியாக வாங்கிக்கொண்டவை அல்ல.

‘தீங்கு இல்லை, சிறு பலன் உண்டு என்றால் எடுத்துக்கொள்வதில் என்ன போச்சு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பளுப்பயிற்சியைத் தொடங்கி, மூன்று மாதம் விடாமல் செய்து, சிறுநீரகச் சோதனையும் சரியாக இருக்கும் ஒருவர், குறிப்பாகச் சைவர், தினம் 3 கிராம் எடுத்தால் நான் தடுக்கமாட்டேன். மோனோஹைட்ரேட் என்ற பழைய, விலை குறைந்த வகையே போதும். அதைவிட உசத்தி என்று வரும் புதுப்புது உப்புகள் உசத்தி என்று நிரூபிக்கப்படவில்லை. கால் கிலோ டப்பா 80 நாளுக்கு மேல் வரும். குளிர்ந்த நீரில் மணல்போல் அடியில் தங்கிவிடும், வெதுவெதுப்பான நீரில் கரையும். ஆனால் டப்பாவின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இந்தியச் சந்தையின் 36 புரோட்டீன் பொடிகளைக் கேரள மருத்துவர் குழு ஒன்று சோதித்து 2024இல் வெளியிட்டது. 25இல் புரோட்டீன் அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. அது புரோட்டீனின் கதை என்றாலும் கடை ஒன்று, மேற்பார்வையும் ஒன்று. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதே ஆண்டு தன் உணவு வழிகாட்டியில் புரோட்டீன் பொடிகளைத் தவிர்க்கச் சொன்னது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சாதமும் சாம்பாரும் மட்டுமே உண்ணும் எழுபது வயது அம்மையாருக்குப் புரதம் போதாது என்பதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். ஆனால் அவருடைய தட்டில் முட்டையோ பனீரோ சுண்டலோ கூடுவது முந்தி, பொடி பிந்தி.

கடைசி மறுப்பு மிகவும் கனமானது. ‘மூட்டுத் தேய்ந்த வயதானவரால் பளு தூக்க முடியுமா? ஜிம்முக்குப் பணம் கட்ட எல்லோருக்கும் வசதி உண்டா?’ முதல் கேள்விக்கு அந்த 87 வயதுக்காரர்களே பதில். தொடக்கம் ஒரு நாற்காலிதான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது முதியோர் வலிமைக்கான அங்கீகரிக்கப்பட்ட சோதனை. அதையே வாரம் இரண்டு மூன்று நாள் செய்தால் பயிற்சி. எளிதானதும் மடியில் ஒரு பை அரிசியை வைத்துக்கொண்டால் பளு. இரண்டாவது கேள்விக்குத் தனி ஆள் பதில் சொல்ல முடியாது. மாநகராட்சிப் பூங்காக்களில் மஞ்சளும் நீலமுமாக நிறுத்தியிருக்கும் உடற்பயிற்சிக் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானவை தள்ளினால் தானாக ஆடுபவை. எடையைக் கூட்ட வழியில்லை, சொல்லித்தரவும் ஆளில்லை, குழந்தைகள் ஊஞ்சலாக்கிக்கொண்டன. வார்டுக்கு ஒரு பூங்காவில் எடை மாற்றக்கூடிய நாலு கருவியும், வாரம் இரண்டு காலை வந்து நிற்கும் ஒரு பிசியோதெரபிஸ்டும், பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரமும் கேட்டு மனு எழுதலாம். இங்கே கூடியிருக்கும் சங்கங்கள் கையெழுத்துத் திரட்டிய அனுபவம் உள்ளவைதான். இந்த மண்டபத்தின் நாற்காலிகளும் கூட்டமில்லாத காலைகளில் சும்மாதான் கிடக்கின்றன. நிர்வாகிகள் இசைந்தால் மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.